லிட்டில் வெனிஸிலிருந்து கென்வுட் மாளிகைக்கு: இருபது பேர் குழு நடை, ஒரு நிகழ்வு ஆய்வு

லண்டனில் வாரிக் அவென்யூ சுரங்க ரயில் நிலையத்தில் தொடங்கி, ரீஜென்ட்ஸ் கால்வாயின் கரையோடு போய், பிரிம்ரோஸ் ஹில் ஏறி இறங்கி, ஹாம்ஸ்டெட் ஹீத் என்ற பரந்த திறந்தவெளியைக் குறுக்காகக் கடந்து கென்வுட் மாளிகையின் புல்வெளியில் முடியும் நடை இது. தூரம் ஏறத்தாழ எட்டரை கிலோமீட்டர். தனியாக நடப்பவர் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்வார். இருபது பேர் சேர்ந்து நடந்தால் இதே பாதைக்கு நாலே கால் மணி நேரம் பிடிக்கும்.

கூடுதலாகப் போகும் இரண்டு மணி நேரத்துக்குக் காரணம் கால்வலியோ வயதோ அல்ல. ஒரு வகைப் பாதை முடிந்து வேறு வகைப் பாதை தொடங்கும் இடங்களில்தான் அந்த நேரம் கசிகிறது: தண்ணீர் சுரங்கத்துக்குள் மறையும் இடம், கரையிலிருந்து சாலைக்கு ஏறும் இடம், தார்ச்சாலை முடிந்து மண் தொடங்கும் இடம், பொதுவெளியிலிருந்து வேலியிட்ட தோட்டத்துக்குள் நுழையும் இடம். குழு உடைவதும் அங்கேதான். அந்த இடங்கள் அப்படி அமைந்ததற்கான காரணங்களும் சுவாரசியமானவை. கால்வாய் வெட்டியவர்களும் நிலத்தடியில் கிடக்கும் களிமண்ணும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்துவிட்ட சங்கதிகள் அவை.

நேரக் கணக்கு

மலையேறிகள் 1892 முதல் பயன்படுத்தும் நெய்ஸ்மித் விதிப்படி, சமதளத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர். அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். திடமான கால்களுக்கு எழுதிய விதி அது. நகரத்தில் கலவையான வயதினர் இருபது பேருக்கு மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் என்று வைப்பதே நியாயம். எட்டரைக்கு அது 2 மணி 25 நிமிடம். இந்தப் பாதையின் ஏற்றங்களை எல்லாம் கூட்டினாலும் 150 மீட்டரைத் தாண்டாது. அதற்குப் பதினைந்து நிமிடம். சாலை கடக்கக் காத்திருப்பது மொத்தமாகப் பதினைந்து நிமிடம். மீதி எண்பது நிமிடமும் நிறுத்தங்கள்தான்: லிட்டில் வெனிஸில் பத்து, மாக்கிள்ஸ்ஃபீல்ட் பாலத்தடியில் பத்து, பிரிம்ரோஸ் ஹில்லில் கழிப்பறையும் உச்சியும் சேர்த்து இருபத்தைந்து, சவுத் எண்ட் கிரீனில் தேநீருக்கு இருபது, பார்லிமென்ட் ஹில்லில் பதினைந்து. கூட்டினால் 4 மணி 15 நிமிடம். எண்ணிக்கை எடுக்கவும் ஷூ நாடா கட்டவும் ஐந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளலாம்.

காலை 10 மணிக்குப் புறப்பட்டால் அபர்டீன் பிளேஸ் படிகளில் 10.35, பிரிம்ரோஸ் ஹில் உச்சியில் 11.40, சவுத் எண்ட் கிரீனில் 12.50, பார்லிமென்ட் ஹில்லில் 1.35, கென்வுட்டில் 2.20. கோடையில் இது சொகுசான நேரம். டிசம்பரில் லண்டனில் சூரியன் 3.50 மணிக்கே மறைந்துவிடும். மாளிகையும் குளிர்காலத்தில் சீக்கிரம் மூடும். நவம்பர் முதல் ஜனவரி வரை 9 மணிக்கே புறப்பட வேண்டும். அல்லது தேநீர் நிறுத்தத்தை வெட்ட வேண்டும். தேநீரை வெட்டினால் குழுவில் முணுமுணுப்பு எழும் என்பதால் 9 மணியே மேல்.

கூடுமிடம்

“லிட்டில் வெனிஸில் சந்திப்போம்” என்று அழைப்பில் எழுதுவதுதான் முதல் தவறு. அது ஓர் இடம் அல்ல, மூன்று நீர்வழிகள் கூடும் ஒரு குளம். 1801இல் திறந்த பாடிங்டன் கிளைக் கால்வாய் மேற்கிலிருந்து வந்து தெற்கே பாடிங்டன் துறைக்குப் போகிறது. 1816இல் முதல் பகுதி திறந்த ரீஜென்ட்ஸ் கால்வாய் கிழக்கே பிரிகிறது. அருகில் குடியிருந்த கவிஞர் ராபர்ட் பிரவுனிங்கின் பெயரால் அதை பிரவுனிங்ஸ் பூல் என்கிறார்கள். எதிரெதிர்க் கரைகளில் நின்று கையசைத்துக்கொள்ளும் இரண்டு பாதிக் குழுக்கள் ஒன்றுசேர, பாலம் சுற்றி வரப் பத்து நிமிடம் போகும்.

வாரிக் அவென்யூ நிலையத்துக்குத் தரைக்கு மேல் கட்டடம் கிடையாது. படியேறினால் நேராகத் தெருவுக்கு வந்துவிடுவோம். “படியேறி வந்ததும் மேலே, நடைபாதையில், 9.45” என்று எழுதினால் குழப்பம் பாதி குறையும். படியேற இயலாதவர்கள் மின்தூக்கி உள்ள பாடிங்டன் பெருநிலையத்தில் இறங்கிக் கால்வாய் வழியாகவே குளத்துக்கு வந்துவிடலாம். அவர்களுக்குத் தனியாக ஒருவரைத் துணைக்கு அனுப்புங்கள்.

இங்கேயே இரண்டு பேரை நியமிக்க வேண்டும். முன்னால் வழிகாட்டி, கடைசியில், எல்லோரும் முன்னால் போன பிறகே நகரும் கடைசி ஆள். கடைசி ஆளுக்கு வழி முழுதும் தெரிந்திருக்க வேண்டும். “யாராவது பின்னால் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று பொதுவில் சொன்னால் அந்த யாராவது முதல் அரை மணியிலேயே பேச்சுத் துணை தேடி நடுவில் போய்விடுவார். இருவர் கைப்பேசியிலும் ஒருவர் எண் மற்றவரிடம் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டால் நடக்கும்போது யாரும் பார்ப்பதில்லை.

கால்வாய் மறையும் இடம்

குளத்திலிருந்து கிழக்கே கிளம்பி நானூறு மீட்டர் போவதற்குள் முதல் சிக்கல். வரைபடத்தில் கால்வாய் நேர்கோடாகத் தெரியும். கரையிலோ குடியிருப்புப் படகுகள் கட்டியிருக்கும், நடுவே பூட்டிய கம்பிக்கதவு. அதனால் குழு கால்வாயை வலப்புறம் வைத்துக்கொண்டு ப்ளோம்ஃபீல்ட் ரோடு நடைபாதையில் போக வேண்டும். அந்தத் தெரு எட்ஜ்வேர் ரோட்டில் முட்டும் இடத்தில் தண்ணீர் மைடா ஹில் சுரங்கத்துக்குள் புகுந்துவிடும்.

சுரங்கம் 249 மீட்டர் நீளம். உள்ளே கரைப்பாதை இல்லை. செலவை மிச்சம் பிடிக்கக் கால்வாய்க் கம்பெனி படகு மட்டும் நுழையும் அகலத்துக்குத்தான் வெட்டியது. அந்தக் காலத்தில் குதிரையை அவிழ்த்துத் தெரு வழியாக மேலே நடத்திக் கூட்டிப்போவார்கள். படகுக்காரர்கள் மல்லாந்து படுத்து, சுரங்கச் சுவரில் கால்களை உதைத்து உதைத்துப் படகை நகர்த்துவார்கள். இன்றைய நடைக்குழு போவது கிட்டத்தட்ட அந்தக் குதிரை போன வழிதான். குதிரைக்கு இல்லாத தொல்லை ஒன்று உண்டு: எட்ஜ்வேர் ரோட்டுப் போக்குவரத்து.

இருபது பேர் ஒற்றை வரிசையில் ஆளுக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளியில் வந்தால் வரிசையின் நீளம் முப்பது மீட்டர். வினாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடைசி ஆள் நடைபாதையின் விளிம்பைத் தொடவே இருபத்தைந்து வினாடி ஆகும். அதற்குள் பச்சை மனிதன் அணைந்திருப்பான். முன்பாதி அக்கரை, பின்பாதி இக்கரை. முன்பாதி பேச்சு சுவாரசியத்தில் நிற்காமல் நடந்துவிட்டால், அடுத்த இருநூறு மீட்டரில் வரும் திருப்பத்தைப் பின்பாதி தவறவிடும். சிவப்பு எரியும்போதே எல்லோரையும் விளிம்புக்குக் கூட்டி, நாலு நாலாக ஐந்து வரிசையில் நிறுத்துங்கள். பச்சை விழுந்ததும் ஐந்தாவது வரிசை ஏழெட்டு வினாடியில் சாலையில் இறங்கிவிடும். இன்றைய நடையின் எல்லாச் சிக்னல்களுக்கும் இதே முறைதான்.

கடந்ததும் நேராக அபர்டீன் பிளேஸ். கிராக்கர்ஸ் ஃபாலி என்ற 1898ஆம் ஆண்டுக் கட்டடம் அங்கே உண்டு. பளிங்கு வேலைப்பாட்டோடு கட்டிய பழைய மதுக்கூடம். பக்கத்திலேயே பெரிய ரயில் நிலையம் வரப்போகிறது என்று நம்பிக் கட்டி, நிலையம் மேரில்போனுக்குப் போனதால் மனமுடைந்து உரிமையாளர் தற்கொலை செய்துகொண்டார் என்று கதை சொல்வார்கள். கதை நன்றாக இருக்கிறது, உண்மை அல்ல. 1904இல் அவர் இயற்கையாகவே இறந்தார். கதையை நின்று சொல்லாமல் நடந்துகொண்டே சொல்லுங்கள். தெரு இடப்பக்கம் வளையும் இடத்தில் நேராகப் போகும் சிறு வழியில் நுழைந்தால் கால்வாய்க்கு இறங்கும் படிகள் வரும். தவறவிடுபவர்கள் வளைவோடு போய்விடுவார்கள். வளைவில் ஒருவரை நிறுத்திவிட்டு இறங்குவதும், படிக்கட்டின் அடியில் எண்ணிக்கை எடுப்பதும் கட்டாயம். தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருப்பவர்களும் சக்கர நாற்காலிக்காரர்களும் இந்தப் படிகளை விட்டுவிட்டு, ரீஜென்ட்ஸ் பார்க் ஓரத்தில் சாய்தளம் உள்ள இடத்துக்குத் தெரு வழியாகவே போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

கிரிக்கெட் பைத்தியங்கள் குழுவில் இருந்தால் இங்கே ஓர் எச்சரிக்கை. லார்ட்ஸ் மைதானம் நடக்கும் தொலைவில்தான் இருக்கிறது. “ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வருகிறேன்” என்பவர் வரமாட்டார். பதிலுக்கு ஒரு தகவல் கொடுத்துச் சமாளிக்கலாம். தாமஸ் லார்டின் இரண்டாவது மைதானத்தின் குறுக்கே இந்தக் கால்வாயின் தடம் வந்ததால்தான் அவர் அதைக் காலி செய்துவிட்டு 1814இல் இன்றைய இடத்துக்கு மாறினார். கால்வாய் வேறு வழியில் போயிருந்தால் லார்ட்ஸ் இன்று வேறெங்கோ இருந்திருக்கும்.

கரையில்

இங்கிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் கண்ணுக்கும் காலுக்கும் சுகம். மேடுபள்ளம் இல்லை. லிட்டில் வெனிஸிலிருந்து காம்டன் வரை இந்தக் கால்வாயில் ஒரு லாக் (படகை ஏற்றி இறக்கும் மதகு) கூடக் கிடையாது. நீர்மட்டம் ஒரே சமம், கரையும் சமம். கரைப்பாதை என்பது குதிரை படகை இழுத்துப்போன வழி. அகலம் பல இடங்களில் இருவர் தோளுரச நடக்கும் அளவு. பாலத்தடியில் ஒருவர் அளவு. காலடியில், செயின்ட் ஜான்ஸ் வுட் முதல் சிட்டி ரோடு வரை, 400 கிலோவோல்ட் மின்வடங்கள் ஓடுகின்றன. அவற்றின் சூட்டைத் தணிக்கக் கால்வாய்த் தண்ணீரையே சுற்ற விடுகிறார்கள். சில இடங்களில் கால் வைத்தால் பலகைக்கல் ‘டக்’ என்று ஆடுகிறது என்றால் அடியில் அந்த மின்வடங்கள் ஓடும் குழிதான்.

தொல்லை சைக்கிள்காரர்களிடமிருந்து வரும். நடப்பவருக்கே முன்னுரிமை, ஆனால் பாலத்தடி வளைவில் முன்னுரிமையைப் பேசிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. மணிச்சத்தம் கேட்டதும் மனிதர்கள் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்குவதுதான் ஆபத்து: பாதிப் பேர் சுவர்ப்பக்கம், பாதிப் பேர் தண்ணீர்ப்பக்கம். “மணி கேட்டால் எல்லோரும் சுவர்ப்பக்கம்” என்ற ஒரே கட்டளையைப் படிக்கட்டடியில் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் ஆழமில்லை, இடுப்பிலிருந்து மார்பளவுதான். விழுந்தவருக்கு வினை குளிர் அதிர்ச்சியும், பிடித்து ஏற ஏணியில்லாத நேர்ச்சுவரும்தான். எலிச்சிறுநீரால் பரவும் நோயும் உண்டு என்பதால், விழுந்தவர் கையில் வெட்டுக்காயம் இருந்தால் கழுவிவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ரயில் பாலங்களைத் தாண்டியதும் எதிர்க்கரையில் வரிசையாக வெள்ளை வில்லாக்கள். ரீஜென்ட்ஸ் பார்க்கை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் காலத்தவை என்றே வருபவர்கள் நினைப்பார்கள். குவின்லன் டெரி 1988க்கும் 2004க்கும் இடையில் கட்டிய ஆறு வீடுகள் அவை. நாஷ் இந்தக் கால்வாய்க் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். கால்வாயை ரீஜென்ட்ஸ் பார்க்கின் நடுவே அலங்கார நீராக ஓடவிடத்தான் அவருக்கு ஆசை. பணக்காரக் குடித்தனக்காரர்களின் காதில் படகுக்காரர்களின் வாய்மொழி விழக்கூடாது என்ற கவலையில் அது பார்க்கின் வடக்கு விளிம்புக்குத் தள்ளப்பட்டு, பள்ளமாக வெட்டப்பட்டது. பள்ளத்தில் நடப்பதால் நகரச் சத்தம் கேட்காது, அருமைதான். அதே பள்ளத்தால் மேலேறும் வழிகளும் குறைவு. கால் பிசகியவரை உடனே தெருவுக்குத் தூக்கிப்போக முடியாது. அடுத்த பாலம் வரை நடத்தித்தான் ஆக வேண்டும்.

பத்து நிமிட நிறுத்தத்துக்குத் தகுந்த இடம் மாக்கிள்ஸ்ஃபீல்ட் பாலம். ஊர் வழக்கில் ‘வெடித்த பாலம்’. 1874 அக்டோபர் 2, விடியற்காலை ஐந்து மணிவாக்கில் நீராவி இழுவைப் படகொன்றின் பின்னால் வரிசையாக வந்த சரக்குப் படகுகளில் ‘டில்பரி’ என்பது சர்க்கரை, கொட்டைகளோடு பெட்ரோலியப் பீப்பாய்களையும் ஐந்து டன் அளவு வெடிமருந்தையும் சுமந்து வந்தது. பாலத்துக்கு நேர் அடியில் வெடித்தது. படகிலிருந்த மூவர் இறந்தார்கள், பாலம் நொறுங்கியது. கோல்புரூக்டேல் வார்ப்பு இரும்புத் தூண்கள் மட்டும் தப்பின. திரும்பக் கட்டும்போது அந்தத் தூண்களைத் திருப்பி வைத்துவிட்டார்கள். அதனால்தான் குதிரைக் கயிறு உரசி உரசி அறுத்த பள்ளங்கள் தூணில் இரண்டு பக்கமும் இருக்கின்றன: தண்ணீர்ப்பக்கம் வெடிப்புக்குப் பிந்தையவை, எதிர்ப்பக்கம் முந்தையவை. விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லிக்கொண்டே போவதைவிடப் பத்து மடங்கு மனதில் நிற்கும். குழுவைத் தூண்களுக்கு உள்பக்கம் ஒதுக்கி நிறுத்தாவிட்டால் பாதை அடைபடும்.

அதற்கடுத்து லண்டன் மிருகக்காட்சிசாலை. 1965இல் ஸ்னோடன், செட்ரிக் பிரைஸ், ஃபிராங்க் நியூபி மூவரும் எழுப்பிய கம்பிவலைப் பறவைக்கூண்டு 2022 முதல் கொலபஸ் குரங்குகளின் வீடு. குரங்கைப் பார்த்த உற்சாகத்தில்தான் அடுத்த தவறு நடக்கும்: இப்பகுதியில் மேலே பிரின்ஸ் ஆல்பர்ட் ரோட்டுக்கு ஏறும் வழியைத் தவறவிடுவது. தவறினால் செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தருகே இன்னொரு ஏற்றம் உண்டு, நஷ்டம் பத்து நிமிடம். அதையும் தவறவிட்டால் குழு காம்டன் சந்தைக் கூட்டத்தில் போய் விழும். சனிக்கிழமை மதியம் அங்கே இருபது பேரைத் திரும்பச் சேர்ப்பது ஆகாத காரியம். அன்றைய நடை காம்டனிலேயே முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

புறப்படும் முன்தினம் கனால் அண்ட் ரிவர் டிரஸ்டின் தளத்தில் கரைப்பாதை மூடல் அறிவிப்புகளைப் பார்த்துவிட வேண்டும். கரை பழுது பார்க்கிறார்கள் என்றால் மாற்றுவழி பிரின்ஸ் ஆல்பர்ட் ரோடு. கால்வாய்க்கு இணையாகவே ஓடுகிறது, நேரம் ஏறத்தாழ அதேதான், அழகு போய்விடும்.

குன்றும் தார்ச்சாலையும்

பிரிம்ரோஸ் ஹில்லில் முதல் வேலை கழிப்பறை. தெற்கு ஓரத்தில், குழந்தைகள் விளையாட்டிடத்தின் அருகே. கால்வாய்க்கரையில் எங்கும் கிடையாது என்பதைக் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். உச்சி 63 மீட்டர்தான், ஏறுவது பத்து நிமிடம். ஆனால் இரண்டு கிலோமீட்டர் சமதளத்தில் நடந்து பழகிய கால்களுக்கு இது திடீர் ஏற்றம். வேகமானவர்கள் முன்னால் ஓடிவிடுவார்கள். ஓடட்டும். உச்சி ஒன்றுதான், அங்கே தொலைய வழியில்லை.

தெற்கே பார்த்தால் செயின்ட் பால்ஸ் குவிமாடம். லண்டனின் நகரத் திட்ட விதிகள் ஆறு பெருங்காட்சிகளைப் பாதுகாக்கின்றன: அலெக்சாண்ட்ரா பேலஸ், பார்லிமென்ட் ஹில், கென்வுட், பிரிம்ரோஸ் ஹில், கிரீனிச் பார்க், பிளாக்ஹீத். ஆறில் மூன்று இந்த ஒரே நடையில் வருகின்றன. அதே குவிமாடத்தை மூன்று தூரத்திலிருந்து பார்க்கிறோம், ஒவ்வொரு முறையும் அது சிறுத்துக்கொண்டே போகும். மூன்று இடத்திலும் படம் எடுக்கச் சொன்னால் மாளிகை வாசலில் பேச நல்ல விஷயம் கிடைக்கும்.

அடுத்த இரண்டு கிலோமீட்டரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, கடந்தால் போதும். பிரிம்ரோஸ் ஹில் ரோடு, அடிலெய்ட் ரோடு சிக்னல், இங்லண்ட்ஸ் லேன், ஹேவர்ஸ்டாக் ஹில் ஏற்றம், பெல்சைஸ் பார்க் நிலையம், ராயல் ஃப்ரீ மருத்துவமனையை ஒட்டிய பாண்ட் ஸ்ட்ரீட் இறக்கம், சவுத் எண்ட் கிரீன். சோர்வு முகத்தில் தெரிவது இங்கேதான், ஏறத்தாழ பாதி வழியில். காரணம் தார்ச்சாலையும் சலிப்பும். முடியாதவர்கள் விடைபெற ஏற்ற பகுதியும் இதுவே: பெல்சைஸ் பார்க்கில் நார்தர்ன் லைன், சவுத் எண்ட் கிரீனில் 24ஆம் எண் பேருந்தின் கடைசி நிறுத்தம், பக்கத்திலேயே ஹாம்ஸ்டெட் ஹீத் ரயில் நிலையம். ஹீத்துக்குள் போன பிறகு ஒருவர் முடியவில்லை என்றால் எந்தப் பக்கமும் இருபது நிமிடம் நடந்தாக வேண்டும். அதனால் “யாருக்கு முட்டி வலிக்கிறது?” என்று தேநீர் நிறுத்தத்தில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பொதுவில் கேட்டால் யாரும் கை தூக்கமாட்டார்கள். பாண்ட் ஸ்ட்ரீட் முனையில் 1934-35இல் ஜார்ஜ் ஆர்வெல் வேலை பார்த்த புத்தகக் கடை இருந்தது. கட்டடத்தில் நினைவுப் பலகை உண்டு.

ஹீத்: சேறு எங்கே, ஏன்

ஹாம்ஸ்டெட் ஹீத் 320 ஹெக்டேர். மேட்டின் தலையில் பாக்ஷாட் மணல். அடியில் லண்டன் களிமண். மழைநீர் மணலுக்குள் இறங்கி, களிமண்ணைத் தொட்டதும் போக வழியில்லாமல் சரிவின் நடுவே ஊற்றாக வெளிப்படுகிறது. ஆகவே உச்சி காய்ந்திருக்கும், நடுச்சரிவு சொதசொத என்றிருக்கும். மழை நின்று மூன்று நாளானாலும் அப்படித்தான். ஃபிளீட் ஆற்றின் தலையூற்றுகள் இவைதான். 1692இல் தொடங்கிய ஹாம்ஸ்டெட் தண்ணீர்க் கம்பெனி இவற்றை அணைகட்டித் தேக்கியதில் வந்தவையே ஹாம்ஸ்டெட் பக்கத்துக் குளங்களும் ஹைகேட் பக்கத்துக் குளங்களும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை கணுக்கால் மூடும், அடிப்பாகம் வரிகள் ஆழமான காலணி இல்லாதவர்களை இறக்கத்தில் புல்மீது விடாதீர்கள். தார் அல்லது சரளை போட்ட பாதையிலேயே நடத்துங்கள், தூரம் கொஞ்சம் கூடினாலும்.

பார்லிமென்ட் ஹில் 98 மீட்டர். பட்டம் விடுபவர்களின் குன்று. இங்கே நிற்கும் இடமெல்லாம் ஆறேழு பாதைகள் கிளம்பும், கைகாட்டிகளை நம்பிப் போக முடியாது. குளங்களை அடையாளமாக வைத்துக்கொள்வதே பழகியவர்களின் முறை. வடக்கே கென்வுட்டை நோக்கிப் போகும்போது ஹைகேட் பக்கக் குளவரிசை வலப்புறம் கீழே இருக்க வேண்டும். குளங்கள் இடப்புறம் வந்தால் தவறான சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். வேலியிட்ட, பைன் மரங்கள் நிற்கும் ஒரு மேடு வரும். பழங்கால பிரிட்டனின் போடிக்கா அரசியின் சமாதி என்பது ஊர்க்கதை. அதைத் தாண்டிக் காட்டோரத்தில் கென்வுட்டின் வேலியும் வாயிலும்.

இந்த வாயில்தான் கடைசிப் பொறி. ஹீத்துக்குப் பூட்டே கிடையாது, நள்ளிரவிலும் நடக்கலாம். கென்வுட் தோட்டத்தின் வாயில்களை இருட்டும் நேரத்தில் பூட்டிவிடுவார்கள். இரண்டும் ஒரே புல், ஒரே மரம் என்பதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. காரணம் நிர்வாகம்: ஹீத்தை 1989 முதல் பார்த்துக்கொள்வது லண்டன் சிட்டி மாநகராட்சி, கென்வுட் மாளிகையும் அதன் 112 ஏக்கரும் இங்லிஷ் ஹெரிடேஜ் வசம். உள்ளே நுழையும்போதே அன்றைய பூட்டும் நேரத்தை வாயில் பலகையில் பார்த்து எல்லோருக்கும் உரக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கையும் இங்கே.

மாளிகையில்

தெற்கிலிருந்து காட்டுக்குள் வந்து குளக்கரையில் வெளிப்பட்டதும் புல்மேட்டின் தலையில் வெள்ளை முகப்பு முழுதாகத் தெரியும். வடக்கு வாசல் வழியாக வண்டியில் வருபவர்களுக்கு இந்தக் காட்சி கிடைப்பதில்லை. குளத்தின் ஓரத்தில் வெள்ளைப் பாலம் ஒன்று உண்டு. மாளிகை மாடியிலிருந்து பார்த்தால் பாலம், பக்கத்தில் போனால் வெறும் மரப்பலகைத் தட்டி. அதன்மேல் நடக்க யாராவது கிளம்புவார்கள், தடுக்கவும்.

தலைமை நீதிபதி வில்லியம் மரே, முதலாம் மான்ஸ்ஃபீல்ட் பிரபு, 1754இல் இந்த வீட்டை வாங்கினார். 1764 முதல் 1779 வரை ராபர்ட் ஆடம் அதை மாற்றிக் கட்டினார். ஏற்கனவே மேற்கு முனையில் ஆரஞ்சு மரக்கூடம் இருந்தது. அதற்குச் சமனாகக் கிழக்கில் நூலகத்தைச் சேர்த்தார். முகப்புக்கு லியார்டே என்பவரின் புதுவிதச் சாந்து பூசினார்கள், அது நிலைக்கவில்லை. அந்தச் சாந்தின் காப்புரிமை வழக்கு 1778இல் விசாரணைக்கு வந்தது யாரிடம் என்றால் சாட்சாத் மான்ஸ்ஃபீல்டிடமே. இந்தக் காலத்தில் நடக்குமா?

வீட்டுக்குள் நுழைய முன் ஒரு விஷயத்தைக் குழுவிடம் சொல்லியாக வேண்டும். அடிமை ஜேம்ஸ் சாமர்செட்டை இங்கிலாந்திலிருந்து பலவந்தமாகக் கப்பலேற்ற முடியாது என்று 1772இல் தீர்ப்பளித்தவர் மான்ஸ்ஃபீல்ட். அவருடைய சகோதரி மகனுக்கும் ஓர் ஆப்பிரிக்க அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த டைடோ எலிசபெத் பெல் இந்த வீட்டில்தான் வளர்ந்தார். 1793இல் இறந்த பிரபு உயிலில் அவருடைய சுதந்திரத்தை உறுதிசெய்து, 500 பவுனும் ஆண்டுக்கு 100 பவுனும் எழுதிவைத்தார். டைடோவும் உறவுப்பெண்ணும் சேர்ந்திருக்கும் புகழ்பெற்ற ஓவியத்தின் மூலம் இங்கே இல்லை, ஸ்காட்லாந்தின் ஸ்கோன் அரண்மனையில் இருக்கிறது. அதைப் பார்க்கவென்றே வருபவர்கள் ஏமாறுவதால் முன்பே சொல்லிவிடலாம்.

அனுமதி இலவசம். இருந்தாலும் இருபது பேர் என்றால் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். வாசலில் காலணியைத் துடைத்து, முதுகுப்பையை மார்புக்கு முன்னால் மாட்டி, இரண்டு பத்தாகப் பிரியுங்கள். ஒரு பத்து நூலகத்துக்கு: இரு முனையும் அரைவட்டமாக வளைந்து தூண்வரிசையோடு நிற்கும் கூடம், கூரையில் ஸூக்கியின் ஓவியங்கள், ஜன்னல்களுக்கு எதிரே வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் கண்ணாடிகள். இன்னொரு பத்து ஓவியங்களுக்கு: ரெம்பிராண்ட் 1665 வாக்கில் வரைந்த, இரண்டு வட்டங்களுக்கு முன் நிற்கும் தற்சித்திரம்; வெர்மீரின் கிடார் வாசிக்கும் பெண். வெர்மீரை 1974 பிப்ரவரியில் திருடிவிட்டார்கள்; மே மாதம் நகரத்து தேவாலயக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் கிடைத்தது. இருபது பேரும் சேர்ந்து ரெம்பிராண்ட் முன் நின்றால் பின்வரிசைக்குத் தெரிவது முன்வரிசையின் தலைகள்தான். அரை மணி கழித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

1920களில் இந்த நிலம் மனைகளாகப் போயிருக்க வேண்டியது. பொதுமக்கள் பணம் திரட்டி வாங்கிய பகுதி 1925இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு வீட்டையும் மீதி 74 ஏக்கரையும் கின்னஸ் குடும்பத்து ஐவி பிரபு வாங்கினார். 1927இல் இறக்கும்போது வீட்டையும் 63 ஓவியங்களையும் நாட்டுக்கு விட்டுப்போனார். 1928 முதல் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. பழைய பணியாளர் கட்டடத்தில் இப்போது கஃபே; வார இறுதியில் வரிசை நீளும் என்பதால் உணவுப்பொட்டலம் கொண்டுவந்து புல்மேட்டில் உட்கார்வதே சுலபம்.

திரும்பும் வழி

நடை முடிந்தது என்று அறிவிப்பதும் ஒரு வேலை. அறிவிக்காவிட்டால் நாலு பேர் கஃபேயில், மூன்று பேர் மாடியில், வழிகாட்டி வாசலில் என்று ஒரு மணி நேரம் போகும். “3.30க்கு வடக்கு வாசல், அதன்பின் அவரவர் பாடு” என்று சொல்லி, கடைசி எண்ணிக்கையை அங்கே எடுங்கள். வடக்கு வாசலுக்கு வெளியே ஹாம்ஸ்டெட் லேனில் 210ஆம் எண் பேருந்து. ஒரு திசையில் கோல்டர்ஸ் கிரீன், மறுதிசையில் ஹைகேட் வழியாக ஆர்ச்வே. இரண்டு இடத்திலும் நார்தர்ன் லைன் உண்டு. நிறுத்தங்கள் சாலையின் இருபுறமும் இருப்பதால் எந்தப் பக்கம் நிற்பது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இருபது பேரும் ஒரே வண்டியில் ஏறுவது சிரமம். இரண்டு வண்டியாகப் போகலாம்.

கால் இன்னும் தாங்குமென்றால், தமிழ்க் குழுக்களுக்கு இன்னொரு முடிவும் உண்டு. ஹாம்ஸ்டெட் லேனோடு கிழக்கே ஹைகேட் கிராமம் வரை போய், அங்கிருந்து ஆர்ச்வே ரோட்டுக்கு இறங்கினால் ஹைகேட்ஹில் முருகன் கோவில், ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். இறக்கம் செங்குத்து, ஹீத்தில் நனைந்த காலணியோடு வேகமாக இறங்க வேண்டாம். மாலை நடை திறக்கும் நேரத்தைக் கோவிலில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.